செவலை குடித்த தண்ணீர்

காட்டை ஒட்டிய சின்னப் பண்ணை ஒன்றில் செவலை என்ற பசு இருந்தது. கொட்டகையும் அதற்கே, தொட்டித் தண்ணீரும் அதற்கே! பங்கு கேட்க யாரும் இல்லை.

ஒரு நாள் காலையில் பண்ணை வாசலில் வண்டி ஒன்று வந்து நின்றது. காரி என்ற கறுப்புப் பசுவும், அதன் கன்றும், சுட்டி என்ற இன்னொரு பசுவும் தள்ளாடியபடி இறங்கின. இரண்டு நாள் நின்றுகொண்டே வந்த பயணம்! அவற்றின் கால்கள் வெடவெடவென்று நடுங்கின.

பண்ணைக்காரி பொன்னுருவி அவற்றை வேப்பமர நிழலில் விட்டாள். தொட்டி நிறையத் தண்ணீர் ஊற்றினாள். வைக்கோலை உதறிப் போட்டுவிட்டுப் புல்லறுக்கப் போனாள்.

அவள் தலை மறைந்ததுதான் தாமதம். “இது என் இடம்! தள்ளிப் போங்கள்!” என்று செவலை கொம்பை ஆட்டியது. வந்தவை மூன்றும் வேலியோரம் ஒண்டிக்கொண்டன.

செவலை போய்ப் படுத்த பிறகு, காரி மெல்ல வந்து தொட்டியை மோந்து பார்த்தது. வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொண்டது.

“வேண்டாம் சுட்டி! நம் ஊர்த் தண்ணீர் மாதிரி இல்லை. என்னவோ வாடை அடிக்கிறது.”

வேலிக்கு வெளியே நின்ற ஒரு நரியின் காதில் இது விழுந்தது.

“ஐயோ பாவம்! அதில் மருந்து கலந்திருக்கிறார்கள். குடித்தால் கன்று பிழைக்காது! காட்டுக்குள் ஓடை இருக்கிறது. பளிங்கு மாதிரித் தண்ணீர்! இதோ, இந்த வேலிச் சந்து வழியாக வாருங்கள்!” என்றது.

பிறகு செவலை பக்கம் வந்து கிசுகிசுத்தது. “செவலையக்கா, நீங்கள் வாயைத் திறக்காமல் படுத்திருந்தால் போதும். பண்ணை பழையபடி உங்களுக்குத்தான்!”

செவலைக்கு உள்ளூரச் சந்தோஷம். கண்ணை மூடி அசைபோட்டது.

வேலிச் சந்தை நோக்கி நடந்த கன்று “அம்மா” என்றது. தொண்டை வறண்டு பாதிக் குரல்தான் வெளியே வந்தது. கால் மடங்கி விழுந்து, மறுபடி எழுந்தது.

செவலைக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து எட்டிப் பார்த்தது. வேலிக்கு அப்பால் புதருக்குள் இன்னும் இரண்டு நரிகள், நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு காத்திருந்தன!

“நில்லுங்கள்! அங்கே நரிக்கூட்டம்! கன்றைத் தின்றுவிடும்!”

காரி திரும்பிப் பார்த்தது. “சற்று முன் எங்களைக் கொம்பால் விரட்டியவள்தானே நீ? உன்னை எப்படி நம்புவது?”

காரி கேட்டது நியாயம்தானே? செவலை வெட்கத்தோடு தொட்டிக்கு நடந்தது. மூக்கு வரை முகத்தை முக்கி, மடக் மடக்கென்று குடித்தது. தண்ணீர் சொட்டச் சொட்டத் தலையை நிமிர்த்தியது.

“மருந்து கலந்திருந்தால் முதலில் சாகப்போவது நான்தான்!” என்று சொல்லி மறுபடியும் குடித்தது.

கன்றால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. ஓடி வந்து தொட்டியில் வாயை வைத்தது. பின்னாலேயே காரி! அதன் பின்னால் சுட்டி! தொட்டியில் தண்ணீர் கிடுகிடுவென்று இறங்கியது.

கைக்கு வந்த இரை போகிறதே என்று நரிக்கு ஆத்திரம் பொங்கியது. கூட்டாளிகளோடு சந்து வழியாக உள்ளே பாய்ந்தது.

“கன்றை நடுவில் விடுங்கள்! தலையைத் தாழ்த்துங்கள்!” என்று முழங்கியது செவலை.

மூன்று பசுக்களும் தோளோடு தோள் சேர்ந்தன. ஆறு கொம்புகள் முன்னே நீண்டன. முதலில் வந்த நரியை, செவலை ஒரே முட்டில் வேலிக்கு அப்பால் தூக்கி எறிந்தது! மற்ற இரண்டும் சந்துக்குள் ஒன்றாக நுழைந்து, சிக்கி, முள் குத்தி, ஊளையிட்டுக்கொண்டே காட்டுக்குள் ஓடின.

கூச்சல் கேட்டுப் பொன்னுருவி புல்லுக்கட்டோடு ஓடி வந்தாள். அங்கே மூன்று பசுக்களும் ஒரே தொட்டியில் குடித்துக்கொண்டிருந்தன. கன்று வாலைத் தூக்கிக்கொண்டு துள்ளியது!

“உள்ளே வாருங்கள். கொட்டகையில் எல்லோருக்கும் இடம் இருக்கிறது” என்று செவலை வழிவிட்டு நின்றது.

புதிதாக வந்தவர்களின் பயத்தைப் போக்க வாய்ச்சொல் போதாது; அவர்களோடு சேர்ந்து நின்று, நாமே முதலில் செய்து காட்ட வேண்டும்.