பூசாத எண்ணெய்

இதை நான் தப்பாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆறாம் வகுப்போடு நின்றவள். ஞான உபதேசம் நன்றாகப் படித்தவர்கள், அருட்சாதனம் என்கிற புனிதச் சடங்கைப் பற்றி இவள் என்ன எழுதுவது என்று கோபப்படலாம். பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறேன். எங்காவது பிசகினால் அது என் பிசகு, சாமியுடையது அல்ல.

எங்கள் பங்குச் சாமியார் பெயர் லியோன். முப்பத்து நாலு வயது. எனக்கு ஐம்பத்தொன்று. அவருக்குச் சமைத்துப் போடுகிறேன். எனக்கு அடிக்கடி ஏதாவது சந்தேகம் வரும். கேட்பேன். சில சமயம் பதில் சொல்லுவார். சில சமயம் சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

அந்த வாரம் வந்த சந்தேகம் வேறு மாதிரி. எனக்கு வயிற்றில் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன். ஆபரேஷனுக்குப் போகிறவர்களும் நோயில்பூசுதல், அதாவது நோயாளிக்குச் செபித்து எண்ணெய் பூசுவது, வாங்கிக்கொள்ளலாம் என்று ஞாயிறு பூசையில் சாமி அறிவித்தார். அதை ஒன்பது வயதில் பார்த்திருக்கிறேன். சாமியார் வந்து என் அம்மாவின் நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். பொழுது சாய்வதற்குள் அம்மா போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை இட்லி வைக்கும்போது கேட்டேன்.

"சாமி, ஒண்ணு கேக்கவா?"

"சட்னியில உப்பு சரியாத்தான் இருக்கு."

"அது இல்ல. எண்ணெய் பூசுனா ஆள் போயிருமா?"

சாமி என்னைப் பார்த்தார். மிச்ச இட்லியைச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு, எண்ணெய்ச் சிமிழைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"வாங்கக்கா, நடந்துட்டு வருவோம்."

முதலில் சந்தியாகு வீட்டுக்குப் போனோம். எண்பது வயது. வேப்பமரத்தடியில் கட்டிலுக்கு நைலான் கயிறு போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன சாமி இந்தப் பக்கம்? நான் இன்னும் சாகலியே!"

"தெரியும். ஒங்களுக்கு எத்தனை தடவை பூசியிருக்குன்னு இந்த அக்காவுக்குச் சொல்லுங்க."

"நீங்க ரெண்டு. ஒங்களுக்கு முந்தி இருந்த சாமி ஒண்ணு. அவருதான் மாத்தலாகிப் போனாரு. நான் போகல."

கயிற்றின் மறுமுனையை என்னைப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். "இழுத்துப் பிடி மதலேனு, இட்லி மாவா கரைக்கிற?" என்று அதட்டினார்.

திரும்பும்போது எனக்கு மனசு லேசாகியிருந்தது.

"அப்போ பூசுனா பிழைச்சிருவாங்க, அப்படித்தானே சாமி?"

சாமி பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. கீழத்தெரு இன்னாசிமுத்துவின் மகள் ஜெயராணி. அப்பாவுக்கு முடியவில்லை, உடனே வரவேண்டும் என்றாள். ஓட்டமும் நடையுமாகப் போனோம்.

வீடு நிறைய ஆள். மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் வைத்து, இரண்டு பக்கமும் மெழுகுதிரி ஏற்றியிருந்தார்கள். எல்லாம் முறையாக இருந்தது. சாமி குனிந்து இன்னாசிமுத்துவின் கையைத் தொட்டார். கழுத்தைத் தொட்டார்.

"எப்பம்மா?"

ஜெயராணி வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுடைய சித்தப்பாதான் சொன்னார். "ஒண்ணரை மணி நேரம் ஆச்சு சாமி. அதுக்கப்புறந்தான் இந்தப் புள்ள ஒங்களுக்குப் போன் பண்ணுச்சு."

சாமி வெளியே எடுத்திருந்த சிமிழை மூடினார்.

"ஒரு சொட்டு வச்சிருங்க சாமி. நெத்தியில மட்டும்." என்றாள் ஜெயராணி.

"இது உயிரோட இருக்கவங்களுக்கும்மா."

"யாருக்குத் தெரியப்போகுது, வைங்க!"

சாமி சிமிழைப் பையில் போட்டுக்கொண்டு முழங்காலில் நின்றார். இறந்தவர்களுக்கான செபத்தை அவசரப்படாமல் முழுக்கச் சொன்னார். நாங்கள் எல்லாரும் பதில் சொன்னோம்.

முடிந்ததும் ஜெயராணி தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நாலு நாளாக் கேட்டாரு சாமி. சாமியாரக் கூப்புடு, சாமியாரக் கூப்புடுன்னு. நாங்கதான், ஒங்களுக்கு ஒண்ணுமில்லப்பா, சும்மா படுங்கன்னு சொல்லிட்டோம். பயந்துருவாருன்னு நெனச்சோம்."

சாமி அவள் தலையில் கை வைத்துவிட்டு வெளியே வந்தார்.

தெருமுனை வரை நடந்தோம். அதற்குமேல் என்னால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பூசியிருந்தா அவரு பிழைச்சிருப்பாரா சாமி?"

"தெரியாதுக்கா."

"சந்தியாகு பிழைச்சாரே?"

"அதுவும் எதனாலன்னு தெரியாது."

"பூசுறவருக்கே தெரியாதா? பின்ன எதுக்கு அது?"

சாமி நின்றார்.

"வியாழக்கிழமை என்ன ஆபரேஷன்னு வீட்டுல சொன்னீங்க?"

"சின்ன ஆபரேஷன்னு."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"அவங்களும் சின்னதுன்னுதான் சொல்றாங்க."

"பயமா இருக்குன்னு யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்ல சாமி."

"அந்தப் பயத்துக்குத்தான் எண்ணெய், அக்கா."

அன்று மத்தியானம் நான் வைத்த ரசம் கரித்தது. சாமி சொல்லாமல் சாப்பிட்டார்.

புதன்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்காரரையும் மகளையும் கோவிலுக்கு அழைத்துப் போனேன். எதற்கு என்று வழியெல்லாம் கேட்டார்கள். பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். சாமி சிமிழோடு வந்து நின்றார். கொஞ்சம் பொறுங்கள் சாமி என்று சொல்லிவிட்டு, அவர்கள் இருவர் பக்கமும் திரும்பினேன். எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அதைச் சொன்ன பிறகுதான் கைகளை நீட்டினேன்.