அரிசித் தூக்கில் மலையேறிய போன்

கற்பூரத்தை ஏற்றி உள்ளங்கையால் அணைத்துச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பொய்யென்றால் என் பல்செட் நாளைக் காலையில் என்னை விட்டுவிட்டுத் தான் மட்டும் போய் இட்லி தின்னட்டும்.

புளியங்குடிக்கு மேற்கே ஒரு மலை. அந்த மலையில் செல்போன் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு பாறையில்தான். அந்தப் பாறையில்தான் சாமி உட்கார்ந்திருந்தார். சிக்னல் தேடி ஏறி வருகிறவர்கள், "சாமி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்பார்கள். தள்ளி உட்காருவார். பேசி முடித்தபின் இறங்க மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்துவிட்டவர்கள் சீடர்கள் ஆனார்கள். சிக்னல் சாமி என்ற பெயர் நிலைத்துவிட்டது. சாமிக்கு வயது நாற்பத்தொன்று.

சீடர்களில் மூத்தவர் திருமலைக்கொழுந்து. வயது அறுபத்து மூன்று. நூற்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் போனில் நூற்றுப் பதினான்கு ஆப்கள். பஸ் எங்கே வருகிறது என்று பார்க்க ஒன்று. மழை எங்கே பெய்கிறது என்று பார்க்க ஒன்று. ராகுகாலத்துக்கு ஒன்று, ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. நடக்கிற அடிகளை எண்ணவும் ஒன்று இருந்தது. தினம் பத்தாயிரம் அடி என்று டாக்டர் சொன்னதும், போனை ஆட்டின் கழுத்தில் கட்டிவிட்டார். மூன்று மாதத்தில் ஆடு இளைத்துவிட்டது. மனைவி பகவதியின் கோபம் எத்தனை மணிக்குத் தணியும் என்று சொல்கிற ஆப்பும் வைத்திருந்தார். அது ஒருநாளும் தப்பியதில்லை. நானே கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆனால் விடிந்ததும் அவர் முதலில் திறப்பது இவற்றில் எதையும் அல்ல. காலை ஐந்து பத்துக்கு வாட்ஸ்அப்பில் அக்காளின் பெயரைத் திறப்பார். ஒன்றும் எழுதமாட்டார். பெயருக்குக் கீழே 'ஆன்லைன்' என்று இருக்கும். பார்ப்பார், மூடுவார். அப்புறம்தான் பல் துலக்குவது.

கடையத்தில் இருக்கும் ஆவுடையக்காளோடு பேச்சு நின்று மூன்று வருடம். மகள் கல்யாணப் பத்திரிகையைத் திருமலைக்கொழுந்து தன் கையாலேயே ஏதோ ஒரு இணையதளத்தில் செய்தார். தாமரைப்பூ போட்ட மாதிரி ஒன்று பிடித்துவிட்டது. அதில் உறவினர் பெயருக்கு எட்டு வரிதான் இடம். ஒன்பதாவது பெயர் அக்காள் புருஷனுடையது. அது எங்கேயோ கீழே விழுந்துவிட்டது. அச்சாகி வந்த பத்திரிகையை அக்காள் மேலிருந்து கீழே வாசித்தாள். திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். மடித்துத் தம்பி கையிலேயே கொடுத்தாள். கல்யாணத்துக்கு வரவில்லை.

அன்றைக்குத் திருமலைக்கொழுந்து மலையேறியபோது கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. சாமி மூடியைத் திறந்தார். புழுங்கலரிசி.

"என்ன அண்ணாச்சி, இங்கயே பொங்கப் போறீங்களா?"

"மேலதான் அரிசி சாமி. உள்ள போன் கிடக்கு. முந்தாநாள் காலையில தொட்டித் தண்ணியில விழுந்துட்டு. அரிசிக்குள்ள போட்டா ஈரத்தை இழுத்துரும்னு ஒரு தளத்துல படிச்சிருந்தேன்."

"இழுத்துட்டா?"

"தெரியல. எடுத்துப் பாக்கப் பயமா இருக்கு."

சொல்லும்போதே சட்டைப்பையிலிருந்து இன்னொரு போனை எடுத்தார். பார்த்தார். உள்ளே போட்டார். உட்கார்ந்தார். எழுந்தார். மறுபடியும் எடுத்தார்.

"அது யாரு போன்?"

"பகவதியோடது. இதுலதான் ரெண்டு நாளா அக்காவைப் பாக்கேன். சாமி, அவளுக்கு என்னமோ ஆயிட்டு."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தினம் அஞ்சு பத்துக்கு வருவா, உடனே போயிருவா. மூணு வருசமா ஒரு நிமிசம் மாறினதில்ல. இப்ப எப்பப் பாத்தாலும் ஆன்லைன். உலை வைக்கிற நேரத்துல ஆன்லைன். உச்சி வெயில்ல ஆன்லைன். ராத்திரி ரெண்டு மணிக்கும் ஆன்லைன். போனைக் கண்டாலே மூஞ்சியைச் சுளிக்கிறவ சாமி!"

"ராத்திரி ரெண்டு மணிக்கு நீங்க என்ன செஞ்சீங்க?"

"பாத்துக்கிட்டிருந்தேன்."

சாமி தலையை ஆட்டினார்.

"கடையத்துல மழை இல்ல, பாத்துட்டேன். கரண்டு போகல, அதையும் பாத்துட்டேன். பேப்பர்ல காலமானவங்க பக்கத்தை ரெண்டு நாளாப் புரட்டுதேன், நம்ம ஆளுக யாரும் இல்ல. வானத்துலருந்து வீட்டைக் காட்டுற மேப்புலயும் பாத்தேன். மொட்டைமாடியில அவ சேலை காயுது."

"அது என்னைக்கு எடுத்த படம்?"

திருமலைக்கொழுந்து கொஞ்சம் இழுத்தார். "அஞ்சு வருசம் இருக்கும்."

"இன்னுமா காயல?"

"கேலி பண்ணாதீங்க சாமி. ரெண்டு நாளாச் சோறு இறங்கல. அவளுக்கு என்ன ஆச்சுன்னு காட்டுற கருவி ஒண்ணு சொல்லுங்க. நூத்துப் பதினஞ்சாவதா வச்சுக்கிடுதேன்."

சாமி தள்ளி உட்கார்ந்தார். "உக்காருங்க."

அவரால் உட்கார முடியவில்லை. பாறையைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

சாமி தூக்குக்குள் கையை விட்டுப் போனை எடுத்தார். சார்ஜ் போடும் ஓட்டையில் ஒரு குருணை மாட்டியிருந்தது. நகத்தால் நெம்பினார். ஊதினார். பொத்தானை அழுத்தினார்.

உயிர் வந்துவிட்டது. இரண்டு நாள் வாயைக் கட்டியிருந்த நூற்றுப் பதினான்கும் ஒரே மூச்சில் கத்தின. பஸ் கத்தியது, மழை கத்தியது, ராகுகாலம் கத்தியது. மலையிலிருந்த குரங்குகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு அடுத்த மாவட்டத்துக்கே ஓடிவிட்டன.

சாமி போனை நீட்டினார். "அக்காவைத் திறங்க."

திறந்தார். பெயருக்குக் கீழே 'ஆன்லைன்.'

திருமலைக்கொழுந்து மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று. நான்கு. ஐந்தாவது எண்ணுவதற்குள் அந்தச் சொல் மறைந்தது.

கொஞ்ச நேரம் காத்திருந்தார். பகவதியின் போனையும் எடுத்துப் பார்த்தார். அதிலும் இல்லை. ரத்தம் தலைக்கு ஏறியது.

"பாத்தீங்களா சாமி! ரெண்டு நாளா வாசல்லயே நின்னவ, நான் வந்ததும் கதவைச் சாத்திட்டா. என் முகத்துல முழிக்கக் கூடாதாம். செத்துட்டாளோன்னு நான் பதறிக்கிட்டு வாரேன், அவளுக்கு அந்த வீம்பு மட்டும் போகல!"

சாமி போனை வாங்கி, முதுகில் ஒட்டியிருந்த தவிட்டைத் துண்டால் துடைத்துக் கொடுத்தார்.

"நீங்க வந்தது அவங்களுக்கு எப்படித் தெரியும் அண்ணாச்சி?"

"ஏன் தெரியாது? என் பேருக்குக் கீழயும் ஆன்லைன்னு காட்டு..."



"முந்தாநாள்லருந்து உங்க பேருக்குக் கீழ என்ன காட்டியிருக்கும்?"

திருமலைக்கொழுந்து இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார். ஒரு கையில் தன் போன், ஒரு கையில் பகவதி போன். அப்படியே பாறையில் உட்கார்ந்தார். அன்று மலையேறி வந்தபின் அப்போதுதான் நிலையாக உட்கார்ந்தார்.

காற்று அடித்தது. தூக்கின் மூடி உருண்டு போய்ப் புல்லில் விழுந்தது. அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். 

"என்னன்னு எழுத சாமி? மன்னிப்புக் கேட்டு எழுதித் தர ஒரு தளம் இருக்கு. மூணு மாதிரி தருது. உருக்கமா ஒண்ணு, சுருக்கமா ஒண்ணு..."

"அதுல எத்தனை வரிக்கு இடம்?"

திருமலைக்கொழுந்து போனைப் பைக்குள் போட்டார்.

"கடையத்துக்கு பஸ் எப்போ?" என்றார் சாமி.

போட்ட போனை மறுபடி எடுத்தார். "பன்னெண்டே காலுக்கு ஒண்ணு. தென்காசியில மாறணும்."

"நல்ல ஆப். வச்சுக்கிடுங்க."

"போய் என்ன சொல்ல சாமி? மூணு வருசமாச்சு. எங்கருந்து ஆரம்பிக்க?"

சாமி தூக்கை மூடி அவர் கையில் கொடுத்தார்.

"தூக்குல என்னடா அரிசின்னு அக்கா கேப்பாங்க. அதுக்குப் பதில் சொல்லுங்க."

அந்த அரிசியில் அக்காள் வடித்த சோறு கொஞ்சம் குழைந்துதான் போயிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டே வடித்தால் வேறெப்படி இருக்கும்? எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்கவேண்டாம். சொன்னது யார் என்று வெளியில் மூச்சு விடாதீர்கள். என் பெயரைக் கல்யாணப் பத்திரிகையிலேயே போடவில்லை, இங்கே எதற்கு?