மனசால் அடித்த வெள்ளை

மருதங்குடி ராஜா முத்துவிஜயருக்குப் புதுசு என்றால் உயிர். போன வருஷம் பட்டம் விடும் பைத்தியம். இந்த வருஷம் ஜெர்மன் தத்துவம்!

அதைக் கொண்டுவந்து சேர்த்த புண்ணியவான் சேஷநாதப் பண்டிதர். ஜெர்மனிக்குப் போய்ப் படித்தவர். அவர் வாய் திறந்தால் சபையே கொட்டாவி விடும். ராஜா மட்டும் தலையாட்டுவார். கவிதையை நினைத்தாலே போதும், எழுத வேண்டாம் என்று பண்டிதர் சொன்னதிலிருந்து ஆஸ்தான கவிகளுக்கு நல்ல தூக்கம்.

ஒருநாள் பண்டிதரின் பார்வை கொலுமண்டபச் சுவர்மேல் விழுந்தது. சித்திரக்காரர் கோனேரி வருஷக்கணக்கில் வரைந்த மீனாட்சி கல்யாணம்.

"என்ன ஓய், படத்தில் ஒருத்தருக்கும் கண்ணே இல்லை?"

"கண் திறப்பதுதான் கடைசி வேலை, சாமி. நாளைக்கு முகூர்த்தம். விரதத்தில் இருக்கிறேன்" என்றார் கோனேரி.

"தேவையே இல்லை! கருத்துதான் நிஜம், கண்ணால் காண்பது அதன் நிழல். ஜெர்மன் ஞானிகள் சொல்கிறார்கள். கல்யாணம் நம் மனசுக்குள் வந்தாயிற்று. இனிமேல் சுவரில் எதற்கு? கலையின் காலம் முடிந்தது, மகாராஜா!"

ராஜாவுக்குப் புல்லரித்தது. "ஆஹா! நாளைக் காலைக்குள் சுவருக்கு வெள்ளை அடித்துவிடுங்கள்!"

கோனேரி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாவம், அழக்கூட வரவில்லை. அரசவை விகடர் அம்பலவாணர் அவரைப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்தார்.

"அந்த வேலையை என்னிடம் விடுங்கள், மகாராஜா."

மறுநாள் சபை கூடியது. சுவரில் கல்யாணம் அப்படியே இருந்தது.

"எங்கேய்யா வெள்ளை?" என்று ராஜா கத்தினார்.

"அடித்தாயிற்றே! பாயில் படுத்தபடியே மனசால் அடித்தேன், மூலைமுடுக்கு விடாமல். தோள்பட்டை விட்டுப்போகிறது."

"விளையாடுகிறீரா? தலை போய்விடும்!"

பண்டிதரும் துள்ளி எழுந்தார். "பொய், மகாராஜா! படம் இதோ கண்ணெதிரே இருக்கிறதே!"

"கண்ணால் காண்பது நிழல் என்றீர்களே, சாமி. நிழலுக்கா இவ்வளவு கோபம்?"

சுவரில் இருப்பது நிஜம் என்றால் தத்துவம் போச்சு. நிழல் என்றால் வெள்ளை அடித்தாயிற்று. பண்டிதர் திருதிருவென்று விழித்தார்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "கோனேரி, முகூர்த்தம் தப்புவதற்குள் கண்ணைத் திறவும்!"

கோனேரி மை தொட்டார். மீனாட்சி விழித்துப் பார்த்தாள். பண்டிதரின் கைகள் தாமாகவே குவிந்தன. ராஜா கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"இதையா அழிக்கச் சொன்னேன்! அம்பலவாணரே, உமக்கு என்ன பரிசு தரலாம்? யோசிக்கிறேன்..."

அம்பலவாணர் பதறிப்போனார்.

"ஐயோ, யோசனையோடு நிறுத்திவிடாதீர்கள், மகாராஜா! கையிலேயே கொடுத்துவிடுங்கள்!"