பலூனை விரட்டிய ஆள்காட்டிக் குருவிகள்

ஒரு வறண்ட ஏரியில் ஆள்காட்டிக் குருவிகள் கூட்டமாக வாழ்ந்தன. அந்தக் கூட்டத்தில் நானும் ஒருவன். அதனால் இந்தக் கதையில் வருகிற முட்டாள்களை ஒருவர் விடாமல் எனக்குத் தெரியும்.

எங்களுக்கு இரண்டு வேலை. பகலில் யாராவது வந்தால் கத்துவது. இரவில் மல்லாந்து படுத்து, காலை மேலே தூக்கி, வானம் விழாமல் தாங்குவது. வானம் இதுவரை விழவில்லை. இதைவிட வேறென்ன அத்தாட்சி வேண்டும் என்று வருகிற போகிற கொக்குகளிடமெல்லாம் கேட்போம். கொக்குகள் பக்கத்துக் குட்டைக்கு மீன் தேடப் போய்விடும்.

எங்களுக்குக் கூடு கட்டத் தெரியாது. காய்ந்த ஏரித் தரையில், கற்களுக்கு நடுவே முட்டையிடுவோம். முட்டையும் கல்லைப் போலவே புள்ளி புள்ளியாக இருக்கும். எங்களுக்கே பல சமயம் அடையாளம் தெரியாது. நான் ஒருமுறை அரைநாள் ஒரு கல்லை அடைகாத்திருக்கிறேன். அது பொரியவில்லை.

ஆனால் எங்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எதிரி வந்தால் முட்டையை விட்டுச் சத்தமில்லாமல் குனிந்து ஓடுவோம். முட்டை இல்லாத வேறோர் இடத்தில் போய் நின்றுகொண்டுதான் கத்துவோம். எதிரி அங்கே வந்து தேடுவான், ஏமாந்து போவான். ஏரிக்கரைப் பொந்தில் இருந்த கீரி இப்படித்தான் கோடைதோறும் ஏமாந்துகொண்டிருந்தது. எங்கள் முட்டை என்ன ருசி என்றுகூட அதற்குத் தெரியாது.

ஒருநாள் காலையில் வானத்தில் வெள்ளையாக ஓர் உருண்டை தெரிந்தது. நிலா என்று நினைத்தோம். ஆனால் மேற்கே மங்கலாக நிலாவும் இருந்தது. அப்போதுதான் பயம் வந்தது.

“யாரைக் கேட்டு இது உள்ளே வந்தது?” என்று சீறினான் மூக்கையன். அவன் எங்கள் காவல் தலைவன். எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்துகிறவன் என்பதால் அந்தப் பதவி அவனுக்குக் கிடைத்தது. வானத்தைத் தாங்குகிறவர்கள் நாம், ஆகவே வானம் நம்முடையது, நம் வானத்தில் கேட்காமல் நுழைவது நம்மை அவமதிப்பது என்று அவன் விளக்கினான். எங்களுக்கெல்லாம் உடம்பு புல்லரித்தது.

என்னவென்று பார்த்து வரும்படி பருந்தைக் கெஞ்சினோம். பருந்து போய்விட்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தது.

“திருவிழாவுல விக்கிற பலூன் மாதிரி இருக்கு. ஆனா யானையே உள்ளே நிக்கலாம், அவ்வளவு பெருசு. அடியில ஒரு பெட்டி தொங்குது. பெட்டியில ஒரு கண்ணாடிக் கண்ணு கீழே பாத்துக்கிட்டிருக்கு. அது எனக்கே எட்டாத உயரம்” என்றது. பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டது: “ஆமா, உங்க வானம் எதுவரைக்கும்?”

அதை நாங்கள் யோசித்ததே இல்லை. கால் எட்டுகிற வரைக்கும் என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். அப்படிப் பார்த்தால் எங்கள் வானம் ஒரு சாண் உயரம்தான். மூக்கையன் முறைத்துவிட்டு, கண்ணுக்குத் தெரிகிற மட்டும் நம் வானமே என்று தீர்ப்புச் சொன்னான். பருந்து சிரித்துக்கொண்டே பறந்து போனது.

அந்தக் கண் எதைப் பார்க்கிறது? எங்கள் ஏரியில் இருப்பது காய்ந்த சேறும் நத்தை ஓடும்தான். ஆனாலும் அவ்வளவு பெரிய பலூன் அவ்வளவு தூரம் வந்தது எங்கள் முட்டைகளுக்காகத்தான் என்பதில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. பயந்தோம். உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

மூக்கையன் உத்தரவு போட்டான். அவரவர் முட்டைக்கு நேர் மேலே அவரவர் நிற்க வேண்டும். சிறகை விரித்து முட்டையைக் கண்ணிலிருந்து மறைக்க வேண்டும். மறைத்துக்கொண்டே அண்ணாந்து பார்த்துக் கத்த வேண்டும்.

செங்கண்ணி மட்டும் தயங்கினாள். போன வருஷம் திடீர் மழையில் அவளுடைய முட்டைகள் எல்லாம் அடித்துக்கொண்டு போய்விட்டன. இந்தமுறை இட்டவை பொரிக்கிற பக்குவத்தில் இருந்தன. ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் அலகால் தட்டுகிற சத்தம் கேட்கிறது என்று முதல்நாள்தான் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்திருந்தாள்.

“மூக்கையண்ணே, முட்டை இருக்கிற இடத்துல நின்னு நாம என்னைக்குமே கத்தினதில்லையே. மேலே இருக்கிற கண்ணுக்கு மறைச்சா, கீழே இருக்கிற கண்ணுக்குத் தெரிஞ்சிடாதா?” என்று கேட்டாள்.

நல்ல கேள்விதான். ஆனால் நாங்கள் அன்று வீரத்தில் இருந்தோம். அவள் பலூனுக்கு வேண்டியவள் என்று ஒருவன் சொன்னான். ஏரியைக் காட்டிக்கொடுக்கப் பார்க்கிறாள் என்று இன்னொருவன் சொன்னான். அந்த இன்னொருவன் நான்தான். செங்கண்ணி தலையைக் குனிந்துகொண்டு போய்த் தன் முட்டைகளின் மேல் சிறகை விரித்து நின்றாள்.

ஏரி முழுவதும் ஒரே கூச்சல். பலூன் அசையவில்லை. அவ்வளவு உயரத்தில் அதற்கு எங்கள் சத்தம் கேட்டிருக்காது என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. கரைமேல் கீரி வந்து உட்கார்ந்தது. நாங்கள் அதைப் பார்த்தோம். உள்ளூர்க்காரன்தானே, இதுவும் நமக்கு ஆதரவாக வந்திருக்கிறது என்று விட்டுவிட்டோம். அது விரிந்த சிறகுகளை ஒவ்வொன்றாக, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெயில் ஏறியதும் காற்று திரும்பியது. பலூன் மெல்லத் தெற்கே நகர்ந்தது.

“பயந்து ஓடுது! எல்லை தாண்டுற வரைக்கும் விடாதீங்க!” என்று மூக்கையன் கிளம்பினான்.

அவன் பின்னால் நாங்கள் எல்லோரும் பறந்தோம். தொண்டை கிழியக் கத்தினோம். செங்கண்ணி மட்டும் வரவில்லை. கோழை என்று அவளைத் திட்டிக்கொண்டே போனோம். பலூன் மலைக்கு அப்பால் மறைந்தது. அது யாருடையது, எதற்காக வந்தது என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. மழை வருமா என்று பார்க்க வந்ததாகக் கொக்குகள் சொல்கின்றன. நாங்கள் அதை நம்ப மறுத்துவிட்டோம். மழையைப் பார்க்க வந்த ஒன்றையா அவ்வளவு தூரம் விரட்டினோம் என்று வெட்கமாக இருக்குமே.

வெற்றியோடு திரும்பினோம். ஏரித் தரையில் இடத்துக்கு இடம் உடைந்த ஓடுகள் கிடந்தன. என் முட்டைகளும் போய்விட்டன. அவை இருந்த இடத்தில் கொஞ்சம் ஈரம் மட்டும் இருந்தது. கீரி வயிறு தரையில் இழுபட, பொந்தை நோக்கி நடந்துகொண்டிருந்தது.

“இத்தனை கோடையா மோந்து மோந்து தேடியும் எனக்கு ஒண்ணுகூட அகப்பட்டதில்ல. இன்னைக்கு மோப்பம் பிடிக்கிற வேலையே இல்லாமப் போச்சு” என்று நிதானமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனது.

செங்கண்ணி தன் இடத்திலேயே நின்றிருந்தாள். ஒரு சிறகு பிய்ந்து தொங்கியது. கீரியோடு கடைசிவரை போராடியிருக்கிறாள். காலடியில் ஓடுகள் கிடந்தன. அவள் மூக்கையனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் கத்தினது உங்களுக்குக் கேக்கலையா?”

மூக்கையன் முதல்முறையாகத் தாழ்ந்த குரலில் பேசினான்.

“கேட்டுச்சும்மா. நீயும் பலூனைத்தான் விரட்டுறேன்னு நினைச்சோம்.”

செங்கண்ணி திரும்பி, ஓடுகளை ஒவ்வொன்றாக அலகால் எடுத்து ஒதுக்க ஆரம்பித்தாள். அவளுக்கு உதவப் போகவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

எட்டாத உயரத்தில் இருக்கும் கண்ணுக்குப் பயந்து போடுகிற கூச்சல், பக்கத்தில் காத்திருக்கும் பகைவனுக்கு வழி காட்டும். நம்மவர் அபயக் குரலையும் அமுக்கிவிடும்.