வாசலில் நின்ற ஆவுடைத்தங்கம் அம்மையார்

மூர்த்திக்குளம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விடிந்ததும் முதலில் கேட்பது வெந்நீர் கொதிக்கும் சத்தம். கத்தரிக்கோலும் கவ்வியும் தொப்புள்கொடி கட்டும் நூலும் அந்த நீரில் கிடந்து கொதிக்க, பக்கத்தில் வெள்ளைச் சேலையில் நின்று ஊர்க் கோயில் அம்பாளான உலகீன்ற நாயகியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருப்பார் ஆவுடைத்தங்கம் அம்மையார். அடுப்புக்கும் வழிபாட்டுக்கும் சேர்த்து அவருக்கு வாய்த்த நேரம் அவ்வளவுதான். பிறகு முதல் நாள் பிரசவத்தில் நனைந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போவார். அதற்கென்று மாடத்தி என்ற ஆயா இருந்தார். இருந்தாலும், “பிள்ள வந்த துணி, நானே அலசுதேன்” என்று சொல்லிவிடுவார். சர்க்கார் செவிலியர் துணி துவைப்பதைப் பார்த்து ஊர் சிரித்தது. அம்மையார் துவைத்துக்கொண்டே இருந்தார்.

இன்று அந்த ஓட்டுக் கட்டடம் இல்லை. கிணற்றையும் மூடிவிட்டார்கள். ஆனாலும் எங்கேயாவது டெட்டால் வாசனை அடித்தால் எங்களூர்க்காரர்களுக்கு நெஞ்சு ஒரு நிமிஷம் இளகிப்போகிறது. எங்களில் பாதிப்பேர் இந்த உலகத்தில் முதன்முதலாக முகர்ந்த வாசனை அதுதானே!

அம்மையாருக்குச் சொந்த ஊர் வாசுதேவநல்லூர்ப் பக்கம். பதினெட்டு வயதில் ஒரு பிள்ளை பெற்றார். கைப்பழக்கம் உள்ளவர் என்று யாரையோ கூட்டி வந்தார்கள். பிள்ளை உயிரோடு வரவில்லை. துணியில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்கள். தாய்க்கு முகத்தைக்கூடக் காட்டவில்லை. அடுத்த வருஷமே கணவர் வேறு கல்யாணம் செய்துகொண்டார். தங்கம் அம்மையார் மூலையில் உட்கார்ந்து அழுதார், பிறகு எழுந்து திருநெல்வேலிக்குப் போய்ச் செவிலியர் படிப்பில் சேர்ந்தார். அது முடிந்ததும் மகப்பேற்றுப் பயிற்சி. மூத்த சிஸ்டர்கள் பக்கத்தில் நின்று பார்க்கப் பார்க்கப் பிரசவம் பார்த்து, பரீட்சை எழுதி, செவிலியர் கவுன்சிலில் பெயர் பதிந்து, சட்டையில் குத்தும் வில்லையையும் வாங்கினார். அந்த வில்லையைத் தினமும் உலகீன்றவளின் படத்துக்கு முன் வைத்து எடுத்த பிறகுதான் குத்திக்கொள்வார். படிப்பு தம்முடையது, கை அவளுடையது என்பது அவர் கணக்கு.

எங்களூருக்கு அவர் வந்தது மின்சாரம் வந்த புதிதில். வந்தவரை ஊர் லேசில் ஏற்றுக்கொள்ளவில்லை. “சர்க்காரு காயிதம் வாங்கிட்டு வந்தா பிள்ள பொறந்துருமா? மலடிக்குத் தெரியுமா பிள்ளப்பேத்து வலி?” என்று கடைத்தெருவில் அவர் காதுபடவே பேசினார்கள். வயிற்றைத் தொடுமுன் அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வதையும், குழலை வைத்துக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கண்மூடிக் கேட்பதையும் நடித்துக் காட்டிச் சிரித்தார்கள். தம் கைக்கு மீறியது என்று தெரிந்தால் வீம்பு பிடிக்காமல் வண்டி வைத்துத் தென்காசிக்கு அனுப்புவார். அதற்கும் ஒரு பேச்சு: “இந்தம்மாவுக்கு ஒண்ணும் தெரியல, அதான் தள்ளிவிடுது.” அப்படிப் போன பெண்கள் பிள்ளையும் கையுமாகத் திரும்பி வந்த பிறகுதான் வாய்கள் மெல்ல மூடின.

ஆனால் ஒரு கதவு மட்டும் அவருக்குத் திறக்கவே இல்லை.

எங்களூர்க் கோயிலில் ஒரு வழக்கம். பிரசவம் பார்த்தவருக்குப் பத்து நாள் தீட்டு. கோபுர வாசலைத் தாண்டக் கூடாது. இந்த விதியைச் செய்தவர்கள் யாரும் வானத்திலிருந்து குதித்தவர்கள் இல்லை, எல்லாரும் ஒரு தாய் வயிற்றில் பிறந்தவர்கள்தான். அதை யார் கேட்பது? பத்து நாள் பிரசவமே இல்லாமல் அம்மையாருக்குக் கழிந்ததுண்டா? ஒன்பதாம் நாள் வரை வந்துவிடும், பத்தாம் நாள் யாராவது வலியோடு வந்து நிற்பாள். ஆகவே அவர் வாசலுக்கு வெளியே நின்று கும்பிட்டார். ஈன்றவள் சந்நிதியோ தெற்குப் பார்த்தது. வாசலில் நின்றால் கொடிமரம் தெரியும், நந்தியின் முதுகு தெரியும், அம்பாள் தெரியமாட்டாள். வாகனமும் வீதியுலாவும் சுவாமிக்குத்தான்; அம்பாள் கோபுர வாசலைத் தாண்டுவதில்லை. யாருடைய பெயரைச் சொல்லி அத்தனை பிள்ளைகளை ஏந்தினாரோ, அவள் முகத்தை அவர் பார்த்ததே இல்லை. வீட்டில் இருந்தது கடையில் வாங்கிய ஏதோ ஓர் அம்மன் படம்; அதையே ஈன்றவளாக நினைத்துக்கொண்டார்.

மாடத்திக்குப் பொறுக்கவில்லை. “தலையில ரெண்டு செம்பு தண்ணிய ஊத்திட்டுப் போங்க சிஸ்டரு. ஒங்க நெத்தியில எழுதியா ஒட்டிருக்கு?” என்று ஒருநாள் கேட்டேவிட்டார்.

“ஒளிஞ்சு போயிப் பாக்கதுக்கா இத்தன வருசம் நின்னேன்? அவ கூப்புடட்டும்ளா, போறேன்” என்றார் அம்மையார்.

இப்படியே அவருக்கு ஓய்வு பெறும் வயது வந்தது. மாலை போட்டு, சுவர்க்கடிகாரம் ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். பம்பாயில் இருந்த தம்பி, “இனி எங்ககூட இரு” என்று வற்புறுத்தவே, அம்மையாரும் சம்மதித்தார். ஆனால் உடனே கிளம்பவில்லை. கடைசிப் பிரசவம் பார்த்துப் பத்து நாள் கழிய வேண்டும். ஆடிப்பூரத்தன்று ஈன்றவளுக்கு வளைகாப்பு நடக்கும். அதைக் கண் நிறையப் பார்த்துவிட்டு மறுநாள் ரயிலேற வேண்டும். போனால் திரும்பி வருவோமா என்பது அவருக்கே தெரியாது. வாழ்நாளில் இந்த ஒரு நாள்தான் அவருக்கு மிச்சம்.

பூரத்தன்று காலை தலைக்குக் குளித்து, அரக்குச் சேலை உடுத்தி, பச்சைக் கண்ணாடி வளையல் ஒரு சரம் வாங்கிக்கொண்டு மாடத்தியோடு கோயிலுக்குப் போனார். கோபுர வாசற்படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தார். கொடிமரத்தைக் கும்பிட்டார். நந்தியை முதன்முதலாக முகத்தோடு பார்த்தார். வாகன மண்டபத்தைத் தாண்டித் திரும்பினால் அம்பாள் சந்நிதி. உள்ளே உற்சவருக்குக் கை நிறைய, கழுத்து நிறைய வளையல் அடுக்கி முடித்துவிட்டார்கள்; நாகசுரம் கேட்கிறது. அவருக்கு முன்னால் வரிசையில் நாலைந்து பேர்தான் நின்றார்கள்.

அப்போது வாகன மண்டபத்துப் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. கூட்டத்தில் வேறு யாருக்கும் அது உறைக்கவில்லை. அம்மையாருக்கு அது எந்த வலியின் முனகல் என்று தெரியும்.

வளையல்காரி சீனியம்மாள். நிறைமாதத்தோடு தலைச்சுமையாக வளையல் கொண்டுவந்து விற்றவள், முதல் சரத்தை அம்பாளுக்குக் கொடுத்துவிட்டுப் போகலாமென்று உள்ளே வந்து, குதிரை வாகனத்தின் காலைப் பிடித்தபடி சரிந்து கிடந்தாள். தர்மகர்த்தா அணைஞ்சபெருமாள் பிள்ளை ஓடி வந்தார். “தூக்குங்கய்யா வெளிய! கோயிலுக்குள்ள பிள்ள பொறந்தா பூரமே நின்னுபோவும்!” என்று சத்தம் போட்டார்.

சுகாதார நிலையத்துக்குப் புதிய சிஸ்டர் வந்திருந்தார். ஆள் அனுப்பினால் அவர் வந்து சேர்ந்துவிடுவார். அம்மையார் கண்ணை மூடிக்கொண்டு நாலு எட்டு முன்னால் நடந்திருந்தால் அவர் மேல் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் சந்நிதி இருந்த திசையை ஒருமுறை பார்த்தார். “ஆத்தா, நீ பொறுத்துக்கோ. இவளால பொறுக்க முடியாது” என்றார். கையிலிருந்த வளையல் சரத்தைக் கீழே வைத்துவிட்டு மண்டபத்துக்குள் போனார்.

தொட்டுப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. “அண்ணாச்சி, தல வந்துட்டு. இப்ப தூக்கினா ரெண்டு உசிரும் தங்காது. பொம்பளையெல்லாம் சேலைய மறைச்சுப் பிடிங்க. ஆம்பளையெல்லாம் தள்ளிப் போங்க. மாடத்தி, ஓடு, பிரசவப் பை!” அந்தக் குரலுக்குத் தர்மகர்த்தாவே பின்வாங்கினார்.

தலை வெளியே வந்தது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. அம்மையார் விரலை நுழைத்து அதை மெல்லத் தலைக்கு மேலே கழற்றினார். பிள்ளை வந்து விழுந்தது. ஆண்பிள்ளை. நீலம் பாரித்து, துவண்டு, சத்தமில்லாமல் கிடந்தது. யாரோ தேங்காய் உடைக்கும் அரிவாளை நீட்டினார்கள். “அது வேண்டாம். கொதிக்க வச்சது வரட்டும், கொடி கெடக்கட்டும்” என்று சொல்லிக்கொண்டே புதுச் சேலையின் முந்தியால் பிள்ளையைத் துடைத்தார், வாயைச் சுத்தம் செய்தார், முதுகைத் தேய்த்தார். அசைவில்லை. தம் வாயை அந்தச் சிறு வாயோடும் மூக்கோடும் பொருத்தி, கன்னத்தில் இருக்கிற காற்றை மட்டும் ஊதினார். மறுபடி ஊதினார். சுற்றி நின்ற பெண்கள் அழத் தொடங்கினார்கள். சீனியம்மாள், “சத்தமே காணுமே, அம்மா, சத்தமே காணுமே” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மையார் ஊதிக்கொண்டிருந்தார்.

பிள்ளை ஒருமுறை விக்கியது. பிறகு கோயிலே அதிர அழுதது.

மாடத்தி கொண்டுவந்த கத்தரிக்கோலால் கொடியை அறுத்து, நஞ்சுக்கொடி முழுதாக விழுந்ததைப் பார்த்து, தாயையும் பிள்ளையையும் புதிய சிஸ்டரின் ஜீப்பில் ஏற்றிவிட்டபோது அம்மையார் மறுபடியும் கோபுர வாசலுக்கு வெளியே நின்றார். சேலையெல்லாம் இரத்தம். இனி பத்து நாள். மறுநாள் ரயில். கீழே வைத்த வளையல் சரம் கூட்டத்தின் காலில் மிதிபட்டு நொறுங்கிப்போயிருந்தது. அவர் சுவரோரம் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். பிள்ளை பிழைத்த சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தது. அதற்காக இந்த ஏக்கம் இல்லையென்று ஆகிவிடுமா?

உள்ளே ஒரே குழப்பம். கோயிலுக்குள் தீட்டுப் பட்டுவிட்டால், புண்ணியாகவாசனம் செய்து நீர் தெளித்து முடிகிற வரைக்கும் உற்சவர் உள்ளே இருக்கக் கூடாது. வெளியே எழுந்தருளச் செய்ய வேண்டும். அதுவும் எங்களூர் வழக்கம்தான். தர்மகர்த்தா வழக்கத்தை விட்டுக்கொடுப்பவரா? “அம்பாளை வெளிய எடுங்க! சீக்கிரம்!” என்று அவரே கத்தினார்.

சீர்பாதம் தாங்கிகள் அம்பாளைப் பல்லக்கில் ஏற்றித் தூக்கினார்கள். வளைகாப்புக் கோலம் கலையாமல், பல்லக்கின் அசைவுக்கெல்லாம் வளையல் குலுங்க, உலகீன்ற நாயகி தன் சந்நிதியைத் தாண்டி, வாகன மண்டபத்தைத் தாண்டி, கொடிமரத்தைத் தாண்டிக் கோபுர வாசலுக்கு வெளியே வந்தாள். வெயில் அடிக்கிறதே என்று நிழல் தேடியவர்கள், அம்மையார் உட்கார்ந்திருந்த சுவரோரத்து நிழலில் கொண்டுவந்து இறக்கினார்கள்.

இறக்கிய பிறகுதான் யார் முன்னால் இறக்கினோம் என்று அவர்களுக்குத் தெரிந்தது. அம்மையார் பதறி எழுந்து, இரத்தக் கையை முந்திக்குள் மறைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து விலகப் போனார். வயதான கோயில் பட்டர் கற்பூரத் தட்டோடு வந்து வழிமறித்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“எங்கே ஓடறேள் சிஸ்டர்? நிமிர்ந்து நன்னாப் பாருங்கோ. ஒங்களுக்கும் தீட்டு, அவளுக்கும் தீட்டு. ரெண்டு பேருமா வெளியில நிக்கறேள்” என்றார்.

கற்பூரம் ஏற்றினார். அம்மையார் நிமிர்ந்து பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். பிறகு, தாம் ஏந்திய ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் எப்படிப் பார்ப்பாரோ அப்படி முகத்தைச் சாய்த்து, மெதுவாகச் சொன்னார்:

“எம்புட்டுச் சின்ன மொகம்ளா ஒனக்கு!”

பட்டர் அம்பாள் கையிலிருந்த வளையலில் ஒன்றைக் கழற்றி, கழுவாத அந்தக் கையிலேயே போட்டுவிட்டார். மறுநாள் அம்மையார் ரயிலேறினார். பிறகு எங்களூருக்கு அவர் வரவே இல்லை. பம்பாயிலேயே காலமானார் என்று கேள்விப்பட்டோம். பிரசவம் பார்ப்பவருக்குத் தீட்டு என்று சொல்ல அன்றிலிருந்து யாருக்கும் நாக்கு எழவில்லை.

கூப்பிடட்டும் என்று காத்திருந்தவரைக் கூப்பிடாமல், உலகத்தைப் பெற்றவளே எழுந்து வந்து பார்த்தாள். அப்படி ஒரு கைக்குள் பிறந்தோம் என்பதே எங்கள் பேறு. அந்தக் கை வாழ்க.