குற்றாலிங்கத்தின் ஆறு

ஆற்றுப் பாலத்தில் சுங்கம் வசூலிக்கும் குத்தகையை எடுத்திருந்த குற்றாலிங்கம், பாலத்தில் ஏறாதவர்களையும் விடுவதில்லை. கோடையில் முழங்காலளவு தண்ணீரில் இறங்கி நடந்த மாடத்தியின் எருமையைப் பிடித்துப் பாலத்துத் தூணில் கட்டிவிட்டார். வீட்டில் கன்று பாலுக்குக் கத்தும் நேரம். மாடத்தி கெஞ்சினாள்.

"நான் பாலத்துல காலே வைக்கலியே, முதலாளி!"

"கீழே ஓடுற ஆறும் என் குத்தகைதான். சுங்கத்தை வச்சுட்டு எருமையை ஓட்டிப் போ."

அந்நேரம் பாலத்து முனையில் தாசில்தாரின் வண்டி வந்து நின்றது. மாடத்தி ஓடிப்போய்க் கும்பிட்டாள்.

"சாமி, இந்த ஆறு இவுகளோடதாம். நீங்களே கேளுங்க."

"ஆமா, என்னோடதுதான்" என்று மீசையை முறுக்கினார் குற்றாலிங்கம்.

"அப்பாடா! யாருகிட்டக் கேக்கிறதுன்னு தெரியாம ஊரே தவிச்சுக்கிட்டிருந்தோம். போன ஐப்பசியில இவுக ஆறு எங்க தெருவுக்குள்ள பூந்து, வீடு வாசல், வைக்கோல்போர் எல்லாத்தையும் இழுத்துட்டுப் போயிருச்சு. நட்டத்தை வாங்கித் தாங்க, சாமி!"

குற்றாலிங்கம் மீசையிலிருந்து கையை எடுத்துக் கும்பிட்டார். "ஐயையோ, ஆறு என்னோடது இல்லீங்க! பாலம் மட்டுந்தான்!"

தாசில்தார் சிரித்துவிட்டார். "பிறகு ஆத்துல நடந்த எருமையை எதுக்குய்யா பிடிச்சுக் கட்டினீர்?"

குற்றாலிங்கம் தன் கையாலேயே கயிற்றை அவிழ்த்தார். மாடத்தி எருமையோடு தண்ணீரில் இறங்கியதும், சுங்கத்துக்குப் பயந்து கரையில் நின்ற சனமெல்லாம் வேட்டி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் பின்னாலேயே இறங்கியது.