திரை மூடும் அவசரம்

மலையடிவாரத்து ஆசிரமத்தில் குருவைவிட வயதில் பெரிய சீடர் ஒருவர் இருந்தார். பெயர் வைத்தியலிங்கம். தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவான மங்களாம்பிகை அம்மாவைத் தேடி வந்தபோது ஒரு தகரப்பெட்டியோடு, அதுவரை காப்பகத்தில் இருந்த தம்பி சிங்காரவேலுவையும் அழைத்து வந்திருந்தார்.

சிங்காரவேலுவுக்கு இளவயதிலேயே மனச்சிதைவு நோய். காதுக்குள் கேட்ட குரல்கள் மருந்தால் அடங்கிவிட்டன. ஆனால் கண்ணால் பார்த்தது மனசில் தங்குவது பெரும்பாடு. மூன்று சாமான் எடுத்துவரச் சொன்னால் வெறுங்கையோடு வந்து நின்று சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குக் கல்லும் இளகும். அண்ணன் இளகமாட்டார். கல்லுக்கு இல்லாத அவசரம் அவருக்கு.

அன்று கிருத்திகை. முருகன் சந்நிதியில் நல்ல கூட்டம். பூஜை அறை வாசலில் நின்றபடியே வைத்தியலிங்கம் அலமாரியைக் காட்டினார்.

"அதோ சூடத்தட்டு, மணி, சின்னச் செம்பு. பார்த்தியா? ஓடு, ஓடு."

அலமாரி நிறையப் பித்தளைச் சாமான்கள் பளபளத்தன. சிங்காரவேலு அங்குமிங்கும் பார்த்தான். பிறகு ஒரு தேங்காய்மூடியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான்.

"இதானே அண்ணே?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். அவனும் அவர்களோடு சேர்ந்து சிரித்தான். வைத்தியலிங்கத்துக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை.

மதியம் அம்மாவிடம் போனார்.

"அம்மா, தம்பியைப் பழையபடி காப்பகத்துலயே விட்டுடறேன். நாளைக்கு வண்டி சொல்லிட்டேன்."

"ஏன் ஐயா?"

"சொன்னது எதுவும் மனசுல நிக்கலை. ஓட்டைப் பானையில தண்ணி ஊத்தற கதைதான். அதுக்குள்ள மறந்துட்டியாடான்னு தினம் கத்தறேன்."

"அவர் என்ன சொல்றாரு?"

"அவன் என்ன சொல்லுவான்? எங்க கொண்டுபோய் விட்டாலும் 'சரி அண்ணே'ம்பான்." அந்தத் தம்பியைத் தோளில் தூக்கி வளர்த்தவர் அவர்.

அம்மா சந்நிதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"சாயங்காலம் கூட்டம் போனப்புறம் அவரையும் கூட்டிக்கிட்டு சந்நிதிக்கு வாங்க. இன்னிக்குத் திரையை நான் பார்த்துக்கறேன்."

திரையை விலக்குவதும் மூடுவதும் வைத்தியலிங்கத்தின் வேலை. வேறு யாரையும் கயிற்றைத் தொடவிட மாட்டார். எப்போதும் பக்கவாட்டில் நிற்பதால், முருகனை நேருக்கு நேர் நின்று பார்த்ததும் குறைவு. அன்று மாலை திரைக்கு நேர் எதிரே கைகூப்பி நின்றார். பக்கத்தில் தம்பி.

அம்மா திரையை விலக்கினார். வைத்தியலிங்கம் நிமிர்ந்து பார்ப்பதற்குள் இழுத்து மூடிவிட்டார்.

"ஐயா, முருகனுக்கு என்ன கலர் பட்டு?"

"அம்மா..."

"கழுத்துல என்ன மாலை?"

"தெரியலையே."

"அதுக்குள்ள மறந்துட்டீங்களா?"

தலைமையாசிரியருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"மறக்கலைம்மா! நீங்க பார்க்கவே விடலையே! பார்த்தாத்தானே மறக்கறதுக்கு?"

சொல்லி முடித்ததும், காலையில் தான் சொன்ன 'ஓடு, ஓடு' நினைவுக்கு வந்தது. அவர் பார்வை மெல்லத் தம்பியின் பக்கம் போனது.

அம்மா திரையை முழுவதும் விலக்கிவிட்டு ஓரமாக உட்கார்ந்துகொண்டார்.

சிங்காரவேலு பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். "என்னடா தெரியுது?" என்ற கேள்வி அண்ணனின் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டார். மறுபடி வந்தது. மறுபடியும் விழுங்கினார். பள்ளிக்கூடத்தில் எந்தப் பையனுக்கும் அவர் அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை.

"பச்சைப் பட்டு அண்ணே," என்றான் சிங்காரவேலு.

வைத்தியலிங்கம் தலையாட்டினார்.

விளக்கின் திரி ஒருமுறை படபடத்து அடங்கியது.

"செவ்வரளி மாலை."

"அப்புறம்?"

"அப்புறம்..." சிங்காரவேலு யோசித்தான். "என்ன கேட்டே அண்ணே?"

சிரித்தான். இந்த முறை அண்ணனும் சிரித்தார். கண்ணில் நீர் முட்டியது. துண்டால் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் திரும்பினார்.

"இனிமே இவனுக்கு எல்லாம் மனசுல நிக்குமா அம்மா?"

"சிலது நிக்கும், சிலது நிக்காது ஐயா. மருந்தை மட்டும் விட்டுடாதீங்க."

"வண்டி வேண்டாம்னு சொல்லிடறேன்." கொஞ்சம் தயங்கினார். "நாளையிலேருந்து நான் என்ன பண்ணணும்?"

அம்மா எழுந்து வந்து திரைக்கயிற்றை அவர் கையில் வைத்தார்.

"காலையில வழக்கம்போல நீங்களே திறங்க. மூடறதுக்கு மட்டும் அவசரப்படாதீங்க."